வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்

என் தங்கையின் மகன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்ப்பவன். பன்னிரண்டு வருஷங்கள் வாடகை வீடுகளில் காலம் தள்ளி, மூன்று முறை தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கி அலுத்துப்போன பின், வேங்கிக்காலில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதென்றும், பெரியவனாகிய நான் அதைப் பார்த்து ஓர் அபிப்பிராயம் சொல்ல வேண்டுமென்றும் சென்ற ஐப்பசியில் என்னை வந்து அழைத்தான். அவன் மனைவியின் மனத்தில் வேறொரு வீடு இருந்தது. அவன் சொன்னது ஊருக்குள்ளே ஒரு பழைய தெருவில் உள்ள குடும்ப வீடு; அவள் சொன்னது ஊரை ஒட்டி, நுழைவாயிலில் சிமெண்டு வளைவு எழுப்பி, அதில் பெரிய எழுத்தில் ‘நகர்’ என்று பொறித்திருந்த மனைப்பிரிவில், சுண்ணாம்பின் ஈரம் இன்னும் காயாத புது வீடு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நாள் முற்பகல் முழுவதும் நாங்கள் மூவரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். அன்று கண்ணில் பட்டவையும், பட்டவற்றைக் கொண்டு பின்னால் எண்ணியவையும் ஒரு குடும்பத்தின் சொந்தச் சமாசாரமாக நின்றுவிடத் தக்கவை அல்ல என்று தோன்றுவதால் அவற்றை இங்கே எழுதத் துணிகிறேன்.

என் வாலிபத்தில் வேங்கிக்கால் என்பது, திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்தவன் டவுனைத் தாண்டியதும் ஒரு கணம் கண்டு மறுகணம் மறந்துவிடுகிற பெயராக இருந்தது. ஏரியும், ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சையும், மேட்டில் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் நெருங்கி நின்ற சிற்றூருமாக அது கிடந்தது. 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை ஒரு மாவட்டத்தின் தலைநகராக ஆனதும், ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலை நாடி வந்து அமர்ந்ததும் அவ்வூரின் ஜாதகத்தையே மாற்றிவிட்டன. உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், அவர்களைத் தொடர்ந்து மனு எழுதுவோரும், ஜெராக்ஸ் கடைக்காரர்களும், மெஸ் நடத்துவோரும், இவர்கள் எல்லாருடைய வாகனங்களையும் பழுது பார்ப்போரும் வந்தார்கள். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கும் ஜனத்திரள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் யாத்திரிகர்கள் கூட்டங்கூட்டமாக வரத் தலைப்பட்டார்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, அண்டையிலிருந்த வேங்கிக்கால் முதலான ஊராட்சிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இத்தனை உயர்வுகளும் மனை விலையில் உடனுக்குடன் பிரதிபலித்தன. தெருச் சாக்கடைக்கு மட்டும் இச்செய்திகள் இன்னும் எட்டவில்லை.

எட்டவில்லை என்பதைப் பழைய வீடு இருக்கும் தெருவில் காலடி வைத்ததுமே நாசி அறிவித்தது. தெருமுனையில் பழைய இரும்புக் கடை. அதை அடுத்து, வெயிலில் டயர்களை அடுக்கிவைத்த பஞ்சர் கொட்டகை. அதற்கு எதிரே, பௌர்ணமி அன்னதானத்தின் எச்சமாகிய பாக்குமட்டைத் தட்டுகளைப் பன்றிகள் கிளறிக்கொண்டிருந்த குப்பைமேடு. சாக்கடையின் மேல்மூடி பல இடங்களில் உடைந்து, அந்தந்த வீட்டார் தத்தம் வாசலுக்கு நேரே ஒரு கருங்கல்லையோ பலகையையோ போட்டுக்கொண்டிருந்தனர். ஒரு நீண்ட மதிற்சுவரில் மூன்றடிக்கு ஒன்றாகச் சாமி படம் பொறித்த டைல்ஸ் பதித்திருந்தார்கள். அது பக்தியினால் செய்த காரியமன்று, மாலையில் மதுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள் அச்சுவரை அசுத்தம் செய்யாதிருக்க வேண்டிச் செய்த உபாயம் என்பதை நம் நாட்டில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. “பொண்ணு வளர்ற வயசு, இந்தத் தெருவுல சாயங்காலம் டியூஷன் முடிச்சு எப்படி மாமா தனியா வருவா?” என்று மருமகள் என்னைக் கேட்டாள். அது சௌகரியத்தைப் பற்றிய கேள்வி அல்லவாதலால் நான் அதற்கு அலட்சியமாகப் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன்.

வீடு, தெருவுக்குச் சம்பந்தமில்லாதது போல் அமைதியாக இருந்தது. முன்புறம் ஓடு வேய்ந்த திண்ணை, உள்ளே மரத்தூலம் தாங்கிய தளம், கால் வைத்தால் குளிர்கிற காவிநிறச் சிமெண்டுத் தரை, கொல்லையில் உறைக்கிணறு, கிணற்றடியில் முருங்கை. வீட்டைக் கட்டியவர் காலமாகி ஆறு வருஷம் ஆயிற்று. அவருடைய மனைவி, எண்பதைத் தொட்ட அம்மையார், திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் பெங்களூரில் இருக்கிறார். தாயாரைத் தம்மோடு அழைத்துச் செல்லப்போவதால் வீட்டை விற்றுவிட விரும்புகிறார். நான் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படி இரண்டே இருந்தது. “அஞ்சு படி இருந்துச்சுங்க, தார் ரோடு போடப் போட மூணு உள்ளாற போயிடுச்சு” என்றார் அம்மையார். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போர்த்துகிற நம் வழக்கத்தால் தெருக்கள் உயர்ந்துகொண்டே போக, வீடுகள் பள்ளத்தில் அமிழ்வதை எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறேன். மூன்று படிகளைத் தெருவுக்குப் பலிகொடுத்த பின்பும் இந்த வீடு தெருவைவிட இரண்டு படி உயரத்தில் நின்றது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து ‘நகரு’க்குச் சென்றோம். வளைவைத் தாண்டியதும் முப்பதடி அகலத்தில் நேரான சாலைகள். குப்பை இல்லை, பன்றி இல்லை, சந்தடியே இல்லை. வீட்டுக்குள் முகம் தெரியும்படி பளபளக்கும் தரை, விளக்குகளை ஒளித்துவைத்த பொய்க்கூரை, கதவைத் திறந்தால் தானே மெல்ல மூடிக்கொள்ளும் சமையலறை அலமாரிகள். தரகர் எங்களை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று அண்ணாமலையைக் காட்டினார், கார்த்திகை தீபத்தை இங்கிருந்தே சேவிக்கலாம் என்றார், கடைசியாகத் தம் துருப்புச் சீட்டை இறக்கினார்: “தண்ணிப் பிரச்சினையே இல்ல சார், முப்பது அடியில தண்ணி!” கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து பழகிய ஜனங்களுக்கு இதைவிட இனிமையான வார்த்தை இல்லை, மருமகளின் முகம் மலர்ந்ததையும் நான் கவனித்தேன். ஆனால் வறண்ட பங்குனியில் முப்பது அடியில் நிற்கிற நீர், அடைமழைக் கார்த்திகையில் எத்தனை அடியில் நிற்கும் என்ற கேள்வி அவர் பேச்சிலிருந்தே பிறந்தது. அதற்கான விடையை அவர் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கம் சொல்லிற்று. அடுத்த காலி மனையில் கோரை முளைத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் குடிபுகுந்து மூன்று வருஷமான வீட்டில், வாஷிங் மெஷின் செங்கல் அடுக்கிய மேடையின் மேல் நின்றது. கீழ்த்தள அறைகளில் மின்செருகிகள் எல்லாம் மார்பளவு உயரத்தில் இருந்தன. சுற்றுச்சுவரின் அடிப்பாகத்தில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் வர்ணம் புதிதாக இருந்தது. கோரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. வர்ணத்துக்குத் தெரியும் என்றாலும் இரண்டு அடிக்கு மேல் அதனால் மறைக்க முடியவில்லை.

இனிப் பத்திரங்களின் கதை. இங்கேதான் என் தங்கை மகனைப் போன்ற நிதானமான மனிதர்களும் தடுமாறிவிடுகிறார்கள். புது வீட்டின் ஆவணங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசை தப்பாமல் இருந்தன: தாய்ப்பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம், தனிப்பட்டா, வக்கீல் அபிப்பிராயம், கடைசியாக முப்பது ஆண்டுகளுக்குரிய வில்லங்கச் சான்று. கடன் கொடுக்க வங்கி தயாராக இருந்தது. பழைய வீட்டின் ஆவணங்களோ ஒரு துணிப்பையில் இருந்தன. அடி நிலம் கிராம நத்தம். நத்தம் பட்டா, விற்கும் மகனுடைய தாத்தாவின் பெயரில் இருந்தது. தகப்பனாருக்கும் சிற்றப்பாவுக்கும் நடந்த பாகப்பிரிவினை, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யாத ஒரு கூர்ச்சீட்டு மட்டுமே. போளூரில் ஒருவரும் சென்னையில் ஒருவருமாக வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் இருவர் உண்டு. “அக்காங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்று மகன் கைப்பேசியில் உறுதி கூறினார். கேட்க மாட்டார்கள் என்பது நல்ல சுபாவத்துக்குச் சான்றாகலாம், பத்திரத்துக்குச் சான்றாகாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் அவர் மனைவிக்கும் மகனுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்கு இடமளித்துத் தமிழ்நாடு 1989-இல் அச்சட்டத்தைத் திருத்தியது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அதை நாடெங்கும் விரிவாக்கியது. அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. ஆகவே அச்சகோதரிகள் இருவரும் வந்து கையெழுத்திட்டாலன்றி இக்கிரயம் முழுமை பெறாது. பதிவு செய்யாத கூர்ச்சீட்டு இருப்பதால், சிற்றப்பாவின் வாரிசுகளிடமும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும்.

இவ்விதமாக ஒரு பக்கம் சுத்தமான தெருவும் சுத்தமான பத்திரமும், மறுபக்கம் அழுக்கான தெருவும் சிக்கலான பத்திரமும் நின்றன. உலக வழக்கப்படி இதில் யோசிக்க ஏதுமில்லை. ஆனால் சிக்கலைச் சிக்கலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது விவேகம். சகோதரிகளின் கையெழுத்தைப் பெற ஓரிரு பயணங்களும், சிற்றப்பா வீட்டாரைச் சமாதானப்படுத்த ஒரு தட்டு வெற்றிலை பாக்கும் சில ஆயிரம் ரூபாயும், பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸுக்குச் சில நடைகளும் போதும். மனிதர் போட்ட முடிச்சை மனிதர் அவிழ்த்துவிடலாம். வருஷாவருஷம் கார்த்திகையில் வந்து கூடத்தில் நிற்கிற தண்ணீரிடம் எந்த விடுதலைப் பத்திரத்தை எழுதி வாங்குவது?

வில்லங்கச் சான்று என்பது என்ன? ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், செட்டில்மெண்டு முதலியவற்றைக் காலவரிசையில் சார்பதிவாளர் அலுவலகம் எடுத்துக்கொடுக்கும் பட்டியல். பதிவானவை மட்டுமே அதில் வரும். மேலே சொன்ன கூர்ச்சீட்டு அதில் வராது. இது அதன் தெரிந்த குறை; இதை எடுத்துச் சொல்ல வக்கீல் இருக்கிறார். நிலத்தின் மேல் மனிதர்களுக்குள்ள பாத்தியதைகளை மட்டுமே அது கணக்கிடுகிறதென்பதும், அம்மனிதர்களுக்கு முன்பே அந்த நிலத்தை அனுபவித்து வந்த தண்ணீரின் பாத்தியதைக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை என்பதும் தெரியாத குறை. இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

முன்பு இருந்தார்கள். நம் முன்னோர் ஓர் ஊரை அமைக்கையில் மேட்டை வீட்டுக்கும் பள்ளத்தைப் பயிருக்கும் விட்டார்கள். அந்த மேடே ‘நத்தம்’ என்று வருவாய்க் கணக்கில் நின்றது, ஏரிப் பாய்ச்சல் ஏறிய பள்ளம் ‘நஞ்சை’ என்று நின்றது. ஏரி நிரம்பிக் கோடி போனால் உபரிநீர் எவ்வழியே இறங்கி எந்த ஏரியைச் சேரும் என்பதை மடை திறந்து மூடிய நீர்க்கட்டி அறிவான், கர்ணம் அறிவார். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. பரம்பரை என்ற அநீதி ஒழிந்தது நியாயமே. அதனோடு அவர்கள் தலையில் இருந்த தண்ணீரின் வரைபடத்தை எழுதி வாங்கிக்கொள்ள எவருக்கும் தோன்றாமற் போனதுதான் நஷ்டம். வேங்கிக்கால் என்ற பெயரின் வாலில் தொங்கும் ‘கால்’ என்ற சொல்லுக்குத் தமிழில் நீர் ஓடும் கால்வாய் என்றும் ஒரு பொருள் உண்டு. அண்ணாமலையின் மேல் விழுந்த மழை நாற்புறமும் சரிந்து குளங்களிலும் ஏரிகளிலும் தங்கித்தானே ஆகவேண்டும்? ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகிலேயே இருக்கும் வேங்கிக்கால் ஏரி நிரம்பி வழிகிற ஆண்டுகளில், வேலூர் சாலையிலும் அதை ஒட்டிய குடியிருப்புகளிலும் தண்ணீர் நின்றது என்ற செய்தி நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதன்று. புது நகரின் தாய்ப்பத்திரத்தை வாங்கிப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில், சர்வே எண்ணுக்கு முன்னால், சிறிய எழுத்தில் ‘நஞ்சை’ என்ற ஒரு சொல் இருந்தது. வக்கீல் அபிப்பிராயம் பதினோரு பக்கம். அதில் இந்தச் சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதற்காக மனை வியாபாரிகளை மட்டும் நிந்திப்பது பக்ஷபாதமாகும். அரசாங்கமே அவர்களுக்குக் குருவாக இருந்திருக்கிறது. சென்னையில் தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்து ஏரி 1970-களில் குடியிருப்பாகி, ‘லேக் ஏரியா’ என்ற பெயரில் மட்டும் ஏரியை வைத்துக்கொண்டிருக்கிறது. மதுரையில் 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை எழுந்த இடத்தின் பெயர் உலகனேரி. ஏரிகளைக் காப்பதற்கென்று 2007-இல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பயனாக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் நீர்நிலைக்குள் விழும் மனைகளை விலக்கி வைத்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் சட்டம் காப்பது சர்வே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிய ஏரியை. கோட்டுக்கு வெளியே, கரைக்குக் கீழே, கோடி நீர் ஓடுகிற பழைய வயல் சட்டத்தின் கண்ணில் ஏரி ஆகாது. அதை மனையாக்க அங்கீகாரம் கிடைக்கும், பட்டா கிடைக்கும், கடனும் கிடைக்கும். தண்ணீருக்கோ சர்வே எண் வாசிக்கத் தெரியாது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர்க்கு ஒரு தர்மத்தை விதித்திருக்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை ஒன்று தமக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் அதைக் கண்டுகொள்ள முடியாதென்றால், விற்பவர் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட இந்த நல்ல விதி, சித்திரையில் வீடு பார்க்க வருகிறவனுக்குக் கார்த்திகையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்லும்படி எந்த விற்பனையாளரையும் நம் நாட்டில் தூண்டியதாகத் தெரியவில்லை. சொல்லாதவர் மீது வழக்காடி மீள்வதற்குள் வாங்கியவரின் ஆயுளே தேய்ந்துவிடும். பிற தேசங்கள் இதைத் தனிமனிதரின் மனசாட்சிக்கு விட்டுவிடவில்லை. பிரான்ஸில் 2003-இல் இயற்றிய ஒரு சட்டம், அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு விற்பவர், வெள்ளம் முதலிய இயற்கை அபாயங்களைப் பற்றிய விவர அறிக்கையைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. ஜப்பானில் 2020 ஆகஸ்டு முதல், வீட்டுத் தரகர் ஒப்பந்தத்துக்கு முன்பே உள்ளாட்சியின் வெள்ள வரைபடத்தை விரித்து, அதில் அந்த வீடு எங்கே இருக்கிறதென்று காட்டியாக வேண்டும். முப்பது அடியில் தண்ணீர் என்று அங்கே யாரும் பாதி உண்மையைச் சொல்லித் தப்ப முடியாது.

நம்மால் இது ஆகாத காரியமா? ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்பும் கிராம நிர்வாக அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று, எங்கே தண்ணீர் புகுந்தது, யாருக்கு நிவாரணம் உரியது என்று கணக்கெடுக்கிறார்கள். பணம் பட்டுவாடா ஆனதும் அந்தக் கணக்கு கட்டாகக் கட்டப்பட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒரு சர்வே எண் நத்தமா, நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது ‘அ’ பதிவேட்டில் இருக்கிறது. அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏரிகளின் கரையும் மதகும் கலங்கலும் பொதுப்பணித் துறையின் பழைய படங்களில் உள்ளன. இந்த மூன்றையும் சேர்த்து, இந்த எண்ணுள்ள நிலம் ஆதியில் இன்ன வகை, இன்ன ஏரிக்கு மேலோ கீழோ உள்ளது, இன்னின்ன ஆண்டுகளில் இங்கே தண்ணீர் நின்றது என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வில்லங்கச் சான்றோடு கொடுத்தால் போதும். கிரயப் பத்திரத்துக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் முத்திரைத் தீர்வையும் இரண்டு ரூபாய் பதிவுக் கட்டணமும் அரசு வசூலிக்கிறது. நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு அது 3,60,000 ரூபாய் ஆகிறது. அத்தனை பெரிய தொகை செலுத்துகிற குடும்பத்துக்கு ஒரு பக்கத்து உண்மை கொடுப்பது அதிகமான பிரதியுபகாரம் அன்று.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவேன். முதலாவது, இப்படி எழுதிக் கொடுத்தால், தாழ்ந்த இடத்தில் ஏற்கெனவே வாங்கிக் குடியேறிவிட்டவர்களின் வீடு விலைபோகாதே என்பது. விலை குறையும் என்பது உண்மையே. ஆனால் மறைப்பதால் நஷ்டம் மறைவதில்லை; அது ஒருவர் தலையிலிருந்து அறியாத இன்னொருவர் தலைக்குக் கைமாறுகிறது, அவ்வளவே. எழுதி வைத்தால், வடிகாலைத் தூர்வாருங்கள் என்று அந்த நகரவாசிகள் அரசிடம் கேட்பதற்கு முதன்முறையாகக் கையில் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெங்கல் புயலின் பெருமழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் அதில் மாண்டார்கள். மலை மேலே இருக்கிறது, பாறை கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சரிவில் வீடு கட்டி வாழ்பவர்களுக்கு எந்தச் சான்று வேண்டும்? அறியாமையால் அங்கே குடியேறுகிறவர் சிலராகலாம். வேறு இடத்தில் மனை வாங்க வகையில்லாமல் ஏறுகிறவர் பலர். கிரயப் பத்திரமே இல்லாதவனுக்கு வில்லங்கச் சான்றால் என்ன பயன் என்று கேட்டால், எனக்குச் சமாதானம் இல்லை. நான் கேட்கும் அந்த ஒரு பக்கம், தேர்ந்தெடுக்கச் சக்தி உள்ளவனைக் காக்கும். சக்தி இல்லாதவனுக்கு மேட்டில் இடம் கொடுப்பது அரசின் கடமையாகவே நிற்கும். எனினும் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. மேடான நத்தத்துத் தெருக்களை அழுக்கென்று கைவிட்டு வசதியுள்ளவர்கள் வயலுக்குப் போவதும், போக்கிடமற்றவர்கள் சரிவில் ஏறுவதும் ஓர் ஊரின் நிலம் தலைகீழாகப் பங்கிடப்படுவதன் இரு முகங்கள்.

இந்த இடத்தில் மருமகளின் கேள்விக்குத் திரும்ப வேண்டும். “அழுக்கைத் துடைச்சுடலாம்னு நீங்க சொல்றீங்க மாமா, முப்பது வருஷமா யார் துடைச்சாங்க?” என்று அவள் திரும்பவும் கேட்டாள். நியாயமான கேள்வி, நம் பெரியவர்கள் பலர் இதற்குப் பதில் சொல்லாமல் தத்துவம் பேசுவார்கள். முப்பது வருஷமாகத் துடைக்காமைக்கு ஒரு காரணம், துடைக்கச் சொல்லி மனு எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அத்தெருவை விட்டுப் போனதே என்பது என் எண்ணம். ஊராட்சியாக இருந்த நாளில் நிதி இல்லை என்றார்கள்; இப்போது மாநகராட்சி, அந்தச் சாக்கை ஒரு தடவைக்கு மேல் சொல்ல முடியாது. சாக்கடைக்கு மூடி போடவும், தெருவிளக்கு எரியவும், மதுக்கடையை வேறிடம் மாற்றவும் போராடிச் சாதித்த தெருக்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஏரியைப் போராடி வேறிடம் மாற்றிய நகர் எங்கும் இல்லை. இதனால் பெண் குழந்தையின் மாலைநேர அச்சம் நாளைக்கே தீர்ந்துவிடும் என்று நான் அவளிடம் பொய் கூறவில்லை. விளக்கு வரும் வரையில் யாராவது தெருமுனை வரை போய் அழைத்து வரத்தான் வேண்டும் என்றேன். “யாராவதுன்னா நான்தான்” என்றாள் அவள். அந்தப் பாரம் யார் தோளில் விழும் என்பதை அவள் என்னைவிட நன்றாகக் கணக்கிட்டிருந்தாள்.

முடிவை அன்றே சொல்ல வேண்டாம், அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம், ஒரு நல்ல மழை பெய்யட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வாங்குகிறவர்கள் நல்ல நாளில், வெயிலில், ராகுகாலம் கழித்துப் போய்ப் பார்க்கிறார்கள். நானோ அடைமழையின் இரண்டாம் நாளில் போய்ப் பார்க்கச் சொல்வேன். கார்த்திகையில் அப்படி ஒரு மழை வந்தது. நாங்கள் மூவரும் குடையோடு புறப்பட்டோம். வளைவுக்கு அப்பால் நேரான முப்பதடிச் சாலைகள் ஒரே தகடாகப் பளபளத்தன. தரகரின் கைப்பேசி எடுக்கப்படவில்லை. பழைய தெருவிலும் சாக்கடை பொங்கிக் குப்பையைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது, நாற்றம் ஐப்பசியைவிட மோசமாக இருந்தது. ஆயினும் ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. அம்மையார் திண்ணையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். “ஏரி கோடி போனா தண்ணி அந்தாண்ட பக்கந்தான் போவும்; நம்ம திண்ணை ஏறினதில்லீங்க” என்று வயல்கள் இருந்த திக்கை, அதாவது நாங்கள் அப்போதுதான் விட்டு வந்த நகரை, கைகாட்டினார்.

எந்த அலுவலகமும் முத்திரையிட்டுத் தராத அந்தச் சான்றை நாங்கள் வாயால் பெற்றுக்கொண்டோம். அவரும் இன்னும் சில மாதத்தில் பெங்களூருக்குப் போய்விடுவார். அதன் பின் அத்தெருவில் வீடு பார்க்க வருகிறவனுக்கு இதைச் சொல்ல ஆள் இருக்காது. மருமகள் இரண்டு படிகளையும் ஏறி நின்று, தெருவில் ஓடும் அழுக்கு நீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அம்மையாரிடம், போளூர் மகளும் சென்னை மகளும் எப்போது ஊருக்கு வருவார்கள் என்று கேட்டாள்.